மலை நேரத்து ராகு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. 'எதுக்கும்'காரர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இவரைப் பக்தர் என்றால் சண்டைக்கு வருவார். பகுத்தறிவாளர் என்றால் குளிர்ந்துபோய்த் தேநீர் தருவார். "நான் உதெல்லாம் நம்பிறேல்லை" என்றுதான் எப்போதும் தொடங்குவார், "ஆனா எதுக்கும்..." என்று இழுத்துவிட்டு, நம்புகிறவன் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து முடிப்பார். நம்புகிறவனாவது செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். இவருக்கு அதுவும் இல்லை.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்விலில் இருக்கும் வாகீசனைப் பாருங்கள். மென்பொருள் வேலை. பிறந்தநாள் வீடுகளில் சாதகம் பார்க்கும் சாத்திரிமாரைக் கிழிகிழியென்று கிழிப்பார். மில்லிக்கனில் மலிவாக வந்த வீட்டை, அதன் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று கைவிட்டவரும் அவர்தான். மின்சாரக் கார் வாங்கிய அன்று நான்கு சில்லுக்கும் நான்கு எலுமிச்சம்பழம் நசித்தவரும் அவர்தான். பெற்றோலே வேண்டாத காருக்கு எலுமிச்சம்பழம் எதற்கு? கேட்டால் சிரிப்பார். பழம் நசிப்பதை மட்டும் விடமாட்டார்.

மேற்கே ரொக்கி மலைகளில் ஐந்து நாள் நடை போக வேண்டும் என்பது அவர் மனைவி மயூரியின் ஆசை. பகலெல்லாம் ஏறி, உச்சிக்கருகே உள்ள மரக்குடிலில் படுத்து, விடிந்ததும் அடுத்த குடிலை நோக்கி நடப்பது. முதியோர் இல்லத்தில் பிறரைத் தூக்கியும் குளிப்பாட்டியும் எட்டு வருடம் கழித்தவளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு வார லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு பேஸ்மென்ற் படிகளில் தினமும் நாற்பது தடவை ஏறி இறங்கினாள்.

திட்டம் போடுவதை வாகீசன் தன் கையில் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு நிறத்தில் அட்டவணை. சப்பாத்து லேசைத் தராசில் வைத்துப் பார்த்தார். பாரம் குறையட்டும் என்று மகளோடு சேர்த்து மூவருடைய பல்துலக்கும் பிரஷ்களையும் பாதியாக அறுத்தார். இடியப்பத்தைக் காயவைத்துத் தூளாக்க முடியுமா என்று ஒரு வாரம் ஆராய்ந்தார்.

குடில்களுக்கான முன்பதிவு ஒரு திங்கட்கிழமை, மலைப் பக்கத்து நேரப்படி காலை எட்டு மணிக்குத் திறக்கும். அப்போது ரொறன்ரோவில் பத்து. அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருடைய அட்டவணையிலேயே சிவப்பில் எழுதியிருந்தது.

பத்து மணி. மூவரும் கணினி முன்னால். வாகீசன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"பட்டனை அமத்துங்கோவன்" என்றாள் மயூரி.

"கொஞ்சம் பொறும். திங்கள் ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகு காலம்."

"அப்பா, இப்ப பத்து மணி! அது முடிஞ்சுது!" என்றாள் மகள் நிலக்சி.

"அது இஞ்ச, பிள்ளை. நாங்கள் நடக்கப்போறது மலையிலயெல்லோ? அங்க இப்பதான் எட்டு."

"சீரியஸ்லி? ராகுவுக்கு ரைம் ஸோன் இருக்கோ?"

"நான் உதை நம்பிறன் எண்டு சொன்னனானோ? மலை விசயம். எதுக்கும் ஒரு மணித்தியாலம்..."

இல்லாத ஒரு கிரகத்துக்கு இரண்டு மணிநேர வித்தியாசம் கணக்கிடும் மூளை எத்தனை கூர்மையானது!

இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதானே நினைக்கிறோம்? பிழை. எச்சரிக்கை இவர்களுடையது, இழப்பு எப்போதும் இன்னொருவருக்கு. செவ்வாய் என்று மூன்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிய பெண்ணைக் கேளுங்கள். அந்த மூன்று வீட்டிலும் சாதகத்தை நம்புகிறவர் ஒருவர்கூட இல்லை!

திரையில் கட்டில்கள் பன்னிரண்டு, ஏழு, நான்கு என்று குறைந்துகொண்டு வந்தன. மயூரி எழுந்தாள்.

"அரக்குங்கோ."

சில்லுக் கதிரையோடு அவரை அப்பால் தள்ளிவிட்டு, தன் கதிரையை இழுத்துப் போட்டாள். நான்கு இரவுக்கும் சேர்த்து இரண்டே கட்டில்தான் மிஞ்சியிருந்தன. தன் பெயரை அடித்தாள். நிலக்சியின் பெயரை அடித்தாள். அமத்தினாள்.

"அப்ப நான்?"

"உங்களுக்குப் பதினொண்டுக்குப் பாப்பம். நல்ல நேரத்தில."

பதினொன்றுக்கு அவர் பார்த்தார். ஒரு கட்டிலும் இல்லை. ஓகஸ்டில் தாயும் மகளும் மலையேறினார்கள். வாகீசன் புல்லு வெட்டினார். இப்போது கேட்பவர்களிடமெல்லாம் அவர் சொல்வது என்ன தெரியுமா? "நேரம் பாக்காமல் புக் பண்ணினவை. அதான் எனக்குக் கிடைக்கேல்லை."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். புதுவீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தது அம்மாவுக்காக. பிள்ளைக்குப் பெயர் வைக்க எழுத்துக் கேட்டது மாமிக்காக. உங்களுக்காக நீங்கள் ஒன்றுமே செய்ததில்லை. இதை வாசிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வந்து வந்து போயிருக்கும், சிரித்திருப்பீர்கள். அவரும் இதை எங்கேயோ இருந்து வாசித்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கு வந்துபோன முகம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?