விம்கோ நகர் மலை

மலையேற்றம் நாகரிகமாகிவிட்ட காலம் இது. ஆகவே நகரின் எந்தப் பகுதியும் பழங்கால இடிபாடுகள் கொண்ட மலை இல்லாமல் இருக்கலாகாது என்று மலைச் சுற்றுலா மேம்பாட்டுப் பிரிவு முடிவு செய்தது. எங்கள் விம்கோ நகர் கடல் மட்டத்தில் கிடக்கிறது. ஆனாலும் ஆணை ஆணைதானே. உதவி மலை அலுவலர் ஜீப்பில் வந்தார். மழைநீர்க் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்த வீடு இடித்த ராபிஷ் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். அதை மலை என்று அறிவித்துவிட்டுப் போனார்.

வயிறெரிந்தவர் மளிகைக்கடை மாசானம். அந்த மேட்டால் மழைக்கு மழை தண்ணீர் கடைக்குள் புகுந்து அரிசி மூட்டைகள் ஊறிப்போகின்றன. அதை அள்ளச் சொல்லி வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மரியாதையாகவே பதில் வந்தது. பழங்கால மலையை அள்ள விதியில் இடமில்லை. அது மலையல்ல என்று மனுதாரர் கருதினால், உச்சிவரை நேரில் ஏறி ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

மாசானத்தின் உடம்பு கல்லாவுக்கென்றே அமைந்தது. மேல்தட்டுக் கடுகு டப்பாவை எடுக்கக்கூட ஆள் வேண்டும். மனைவி ராமசெல்வி வேண்டாம் என்று தடுத்தாள். அரிசியை நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு யேசுதாஸ் துணைக்குப் போனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மலையேற்றப் பைத்தியம் பிடித்து, புது பூட்ஸும் முதுகுப்பையும் இரண்டு கைக்கு இரண்டு தடியுமாகத் திரிந்தார். கொஞ்சம் ஏறியதுமே மாசானம் ஓர் உடைந்த வாஷ்பேசின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மூச்ச நல்லா இஸ்து வுடு. ஒசரத்துல காத்து கம்மியா கீது," என்றார் யேசுதாஸ்.

"என் கடை போர்டு இன்னும் தலைக்கு மேலதான் இருக்கு வே," என்றார் மாசானம்.

உச்சியில் கயிறு கட்டி அறிவிப்புகள் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைப் பீங்கானின் முன்னால் 'அரசரின் இருக்கை' என்றிருந்தது. யேசுதாஸ் உற்றுப் பார்த்துவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வருஷம்தான் அவர் வீட்டுக் கக்கூஸை இடித்துக் கட்டினார்.

அடுத்த கயிற்றுக்குள் ஒரு மொசைக் பலகை கிடந்தது. கறுப்புச் சில்லு பதித்த எழுத்தில் 'சில்லறை தந்து உதவவும்' என்றிருந்தது.

அலுவலர் குடையோடு அங்கே நின்றிருந்தார். நாணயப் புழக்கத்துக்கு அது மிகத் தொன்மையான சான்று என்று விளக்கினார்.

மாசானம் குனிந்து எழுத்தைத் தடவிப் பார்த்தார். அது அவருடைய அப்பா காலத்துக் கல்லா மேடையின் பலகை. கடையைப் புதுப்பித்தபோது, ராபிஷுக்கு லாரி வைப்பது தண்டச்செலவு என்று கால்வாயோரம் தள்ளச் சொன்னவர் அவரேதான்.

"ஆட்சேபணையைச் சொல்லுங்க," என்றார் அலுவலர். "மலை இல்ல, குப்பைதான்னா உடனே அள்ளிடுவோம். கொட்டினது யார்னு மட்டும் சொல்லிடுங்க."

மாசானம் கீழே பார்த்தார். தெருவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் செங்கல்லும் அந்த மேட்டில் கிடந்தது.

"பழைய மலைதான் சார்," என்றார் மாசானம். "எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு."

ஐப்பசியில் மழை கொட்டியது. கால்வாய்த் தண்ணீர் திரும்பி வந்து, அரிசியை ஊறவைத்த கையோடு எங்கள் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. பாயும் குழந்தையும் கேஸ் சிலிண்டருமாகத் தெரு மொத்தமும் மலையேறியது. மாசானம் இந்தத் தடவை வழியில் எங்கும் உட்காரவில்லை. பாவம், அரசரின் இருக்கையில்தான் போய் உட்கார்ந்தார்.

அலுவலர் படகில் வந்து பார்வையிட்டார். வருகை புரிந்தோர் எண்ணிக்கை எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டதாகப் பூரித்துப்போனார். அடுத்த மழைக்குள் மலையை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருப்பதால், பொதுமக்கள் முன்போலவே ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கீழே ஊறி இடிந்த சுவர்கள் எங்களிடம் நிறைய இருந்தன. ஒத்துழைப்பதாகச் சொன்னோம்.