வெறுங்கையோடு திரும்பியவர்

ஓர் உயிரணுவுக்குள் பொறுப்பான உத்தியோகம் எது என்று கேட்டால், கைப்பிடியார் தயங்காமல் தன்னுடையதைச் சொல்வார். கோல்கி என்னும் தபால் பிரிவில் செரிப்புப் புரதங்களுக்குச் சர்க்கரை முத்திரை குத்துவார்கள். முத்திரை உள்ள புரதத்தைக் கையைப் பிடித்து, லைசோசோம் என்னும் குப்பை அரைக்கும் கூடத்துக்கு அழைத்துப்போவது அவர் வேலை. வழியில் புளிப்பு ஏற ஏற அவர் பிடி தளரும். புரதம் இறங்கி வேலைக்குப் போகும். அவர் அடுத்த ஆளுக்காகத் திரும்புவார். அழைத்துப்போக ஆளில்லாத புரதங்கள் வெளிவாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அந்த வாசலைக் காத்தது அவருடைய மச்சான்.

ஒருநாள் சிக்கன ஆய்வு அதிகாரி வந்து, மூன்று நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்.

"போகும்போது ஆளோட போறீங்க. வரும்போது?"

"வெறுங்கைதான் சார். கை காலியா இருந்தாத்தானே அடுத்த ஆளைப் பிடிக்க முடியும்?"

"அப்போ பாதி வேலை வெட்டி நடை."

கைப்பிடியார் காலிக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தேவையற்றோர் பட்டியலில் பெயர் ஏறினால் அதே கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள், அரைபட. நல்லவேளையாகச் சுற்றறிக்கையோடு போயிற்று: 'மேற்படிப் பணியாளர் எவரும் சுமையின்றித் திரும்புதல் இனி அறவே கூடாது.'

கூடத்துப் புளிப்பில் அவர் கையில் எந்தப் புரதமும் ஒட்டாது. ஆகவே, ஆணைக்குக் கீழ்ப்படிந்து, கூடத்து முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்ற கைப்பிடிக்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

பத்தாம் நாள் மச்சான் தேடி வந்தார். "மச்சான், முத்திரை குத்தின ஆளுங்க எல்லாம் என் வாசல் வழியாத் தெருவுக்குப் போறாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"சுமைக்குக் காத்திருக்கேன்."

"எப்போ வரும்?"

"அது சுற்றறிக்கையில இல்ல."

புது ஆள் வராமல், கூடத்தில் அரைத்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள் ஓய்ந்து போனார்கள். குப்பை குவிந்தது, கூடம் உப்பியது, கூடத்தோடு உயிரணுவும் உப்பியது. அதிகாரி அளவு நாடாவோடு மறுபடி வந்தார். சுற்றளவு இரு மடங்கு. 'வரலாறு காணாத வளர்ச்சி' என்று எழுதினார். அக்கம்பக்கத்து உயிரணுக்கள் சுற்றறிக்கையின் நகல் கேட்டு விண்ணப்பித்தன. அதற்கு முதலில் கீழ்ப்படிந்த கைப்பிடியாருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு, இரண்டு கையாலும் தூக்குகிற அளவில்.

ஒருவழியாகச் சுமை கிடைத்துவிட்டது. தலை நிமிர்ந்து தபால் பிரிவுக்குத் திரும்பினார். வரிசையில் முதலில் நின்ற புரதம், முத்திரை இன்னும் காயாதது, ஆவலோடு கையை நீட்டியது.

"கொஞ்சம் இருப்பா," என்றார் கைப்பிடியார். "கை காலியா இல்ல."