நூற்றுப்பத்துப் பேர் நின்ற காலை

பேச ஆளில்லாத மனிதனிடம் கூட்டம் நடத்தும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் குடியிருப்பில், எங்கள் வீட்டில் தனியாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. காலையில் பால் வாங்கும்போது ஒரு வார்த்தை, மாலையில் டீக்கடையில் ஒரு வார்த்தை. (இரண்டு இடத்திலும் அது "ஒண்ணு" என்ற அதே வார்த்தைதான்.) மற்றபடி அலுவலகக் கூட்டத்தில்தான் வாய் திறப்பேன்.

எங்கள் கம்பெனி அஜைல் முறைக்கு மாறியிருந்தது. ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு தினமும் கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடை. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். ஒரு குழுவுக்கு அது அழகாக நடந்தது. ஆனால் நாங்கள் பதினான்கு குழுக்கள். ஒரு குழு கட்டியதை இன்னொரு குழு தெரியாமல் இடித்துக்கொண்டிருந்தது.

"மொத்தப் பேருக்கும் சரியா வர்ற மாதிரி இத மாத்திக் குடுங்க. நல்லா நடந்தா நீங்களே பொறுப்பு எடுத்துக்கலாம்" என்றார் மேலாளர் கவிதா மேடம்.

ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்தேன்: நூற்றுப்பத்துப் பேரையும் ஒரே வீடியோ அழைப்பில் நிற்கவைப்பது. ஆளுக்கு ஒரு நிமிடம். (மொத்தம் எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடவில்லை. படித்தது பொறியியல்.) உண்மையைச் சொல்கிறேன். தினமும் காலையில் அத்தனை முகங்கள் என் வீட்டுக்கு வருமே என்ற ஆசைதான்.

அன்று சட்டையை இஸ்திரி போட்டேன். இரைச்சல் கேட்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். மூன்று கேள்விகளையும் மஞ்சள் தாளில் எழுதித் திரையின் மேல்பகுதியில் ஒட்டினேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று குழுக்கள்கூட முடியவில்லை.

"சார், உக்காந்துக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிவிட்டு, ஒத்துழைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் முணுமுணுப்பு அடங்கியது. ஒருவரும் அசையவில்லை, மூக்கைக்கூடச் சொறியவில்லை. திரைக்கு இன்னும் கிட்டே போய் நின்றேன். அப்பா சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிய முதல் நாள், பக்கத்தில் நின்றவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா.

"தம்பி, உங்க வூட்லயும் கரண்ட் இல்லியா?"

"இருக்குதே அக்கா."

"எங்க இருக்குது? அரை மணி நேரமா இல்ல. ஆமா, யார்கிட்ட பேசினு கீற?"

திரையைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். "இன்னா இவரு, வாயத் தொறந்தவரு மூடவே இல்ல?"

மஞ்சள் தாளை உரித்தேன். அடியில், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற செய்தி. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

பதறிப்போய் என்னைத் தேடியிருப்பார்கள் என்று போனை எடுத்தேன். ஓர் அழைப்புகூட வந்திருக்கவில்லை. நானே கவிதா மேடத்தைக் கூப்பிட்டேன்.

"நீங்க லைன்ல இல்லையா? நாங்க கவனிக்கல" என்றார். "கூட்டம் அப்பவே முடிஞ்சிருச்சு. குழுவுக்கு ஒருத்தர் வந்தா போதும், தடைய மட்டும் பேசுவோம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நல்ல யோசனை, இல்ல?"

"நல்ல யோசனை மேடம்."

அந்த முறை இன்றுவரை நன்றாகவே நடக்கிறது. பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

அன்று மாலையே சரோஜா அக்கா என் அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது பண்டிகைக்குப் பெங்களூர் போனால், சாப்பாட்டு நேரத்தில் நான் கொஞ்சம் பேச்சை நீட்டியதும் வீடே சிலையாகிவிடும். அக்கா கரண்டியோடு நிற்பாள். அப்பா தூக்கிய டம்ளரை இறக்கமாட்டார். சிரிப்பை அடக்க அம்மா படும் பாடு தனி. எல்லோருடைய கண்களும் என்மேலேயே இருக்கும்.

நான் நிறுத்துவதில்லை.