ஐந்து இயந்திரமும் ஒரே வயலில்

பொத்தானை அழுத்தியதும் பெட்டி சிவப்பானது. மேலே இருந்த பட்டியலோ அசையவே இல்லை.

"இதுக்குத் தெரியுது, அதுக்குத் தெரியேல்ல," என்றாள் சிவரூபி.

"எதுக்கு எது தெரியேல்ல?" என்று தயாபரன் எட்டிப் பார்த்தார். கிளிநொச்சி நகரில் இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் அந்த மென்பொருள் அலுவலகத்துக்கு அவர்தான் முதலாளி. சிவரூபிதான் மொத்த ஊழியர்.

கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்காக அவள் ஒரு இணையச் செயலி செய்துகொண்டிருந்தாள். அமைப்பிடம் ஐந்து அறுவடை இயந்திரங்கள் இருந்தன. விவசாயி போனில் ஒன்றைத் தெரிவுசெய்து அழுத்தினால் அதன் சாரதிக்குச் செய்தி போகவேண்டும். பக்கம் முழுவதையும் தாங்கி நிற்பது 'பேரன்ட்'. அதற்குள் இயந்திரத்துக்கு ஒன்றாக இருக்கும் பெட்டிகள் 'சைல்ட்'. பேரன்டிலிருந்து சைல்டுக்குத் தகவல் இறங்கிவரும். சைல்ட் அதை வாசிக்கலாம், மாற்ற முடியாது. ஏதாவது நடந்தால் மேலே குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

"அமைப்பின்ர செயலாளர் படியேறுறார் பிள்ளை," என்றார் தயாபரன். "முதல் பதிவு உம்மட அப்பாவின்ர பேரில எண்டு சொல்லிப்போட்டன். அவற்ற வயல்தானே வெட்டுக்கு நிக்குது. வானமும் மப்பா இருக்கு."

சிவரூபி குறுக்கு வழியில் இறங்கினாள். சைல்டுக்குள்ளேயே தகவலின் நகல் ஒன்றை வைத்து, அதை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

செயலாளர் யோகலிங்கம் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"கீழ 'பதிவாகிவிட்டது' எண்டு கிடக்கு. மேல அஞ்சும் சும்மா நிக்குது எண்டு கிடக்கு. எது உண்மை?"

"ஒரு விதத்தில ரெண்டும் உண்மைதான் ஐயா."

"அப்ப ஒரே மெசினை ரெண்டு பேர் எடுக்கலாம். வயலுக்க அடிபட்டுப்போட்டு என்னட்டைத்தான் வருவினம்."

தயாபரன் தேத்தண்ணி எடுக்க ஓடினார். அந்த இடைவெளியில் சிவரூபி நகலை அழித்து, சைல்ட் மேலே குரல் கொடுக்கும்படி எழுதினாள். மீண்டும் அழுத்தினாள். இந்தத் தடவை பேரன்டுக்குக் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டுவிட்டது. ஐந்து பெட்டியும் சிவப்பாகி, ஐந்திலும் ஒரே பெயர் விழுந்தது: பழனியாண்டி, கண்டாவளை.

சைல்ட் 'பதிவாயிற்று' என்று மட்டும் கத்தியிருந்தது. எந்த இயந்திரம் என்று சொல்லவில்லை. பேரன்ட் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பதிந்துவிட்டது.

"ரெண்டு ஏக்கருக்கு அஞ்சு மெசினோ?" என்று யோகலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப நீக்கிவிடுறன் ஐயா."

அவசரத்தில் 'நீக்கு' பொத்தானையும் அவள் அதே குரலோடுதான் இணைத்திருந்தாள். அழுத்தியதும் நாளைக்கும் ஐந்து இயந்திரமும் பழனியாண்டிக்கே பதிவாகின.

போன் அடித்தது. அப்பா.

"பிள்ளை, மெசின் வந்திட்டுது. உன்ர சிஸ்டம் நல்லா வேலை செய்யுது."

"எத்தினை மெசின் அப்பா?"

மறுமுனையில் இயந்திரங்கள் இரைந்தன.

"அஞ்சு," என்றார் பழனியாண்டி.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு சிவரூபி ஸ்கூட்டியில் பறந்தாள். பின்னால் யோகலிங்கத்தின் மோட்டார்சைக்கிள் வந்தது. செயலி மகள் செய்தது, வயல் அப்பாவுடையது. இதைப் பிழை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கண்டாவளை வரும்வரை அவளுக்கு இதே நினைப்புத்தான்.

வாய்க்கால் ரோட்டில் ஐந்து இயந்திரங்களும் கல்யாண வீட்டு வாகனங்கள்போல வரிசையாக நின்றன. பக்கத்து வயல்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"எங்கட நெல்லு மழையில நனையட்டும்," என்றாள் நேசமலர், அடுத்த வயல்காரி. "உங்கட அப்பாவுக்கு மட்டும் ஊர்வலமோ?"

பழனியாண்டி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்டு வந்தால் காணும் எண்டுதான் நானும்..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"எல்லாருக்கும் பிரிச்சுத் தாறன். கொஞ்சம் பொறுங்கோ அக்கா," என்றாள் சிவரூபி. வரம்பில் சப்பாணி கட்டி உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பிழை இப்போது தெளிவாகத் தெரிந்தது. மேலே போகும் குரலோடு இயந்திரத்தின் இலக்கமும் போகவேண்டும். ஒரேயொரு சொல்தான் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்தாள். 'நீக்கு' பொத்தானுக்குத் தனிக்குரல் கொடுத்தாள். பழைய பதிவுகளைத் துடைத்துவிட்டு நேசமலரிடம் போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

"இதில ஒண்டை அமத்துங்கோ."

நேசமலர் அமத்தினாள். ஒரு பெட்டி மட்டும் சிவந்தது. மேலே பட்டியலில் 'நான்கு ஓய்வில்' என்று மாறியது.

சிவரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. வயலில் இருந்து கொண்டு இதற்கெல்லாம் அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக அமத்தினார்கள். ஒவ்வொரு இயந்திரமாக ஒவ்வொரு வயலுக்குள் இறங்கியது. பழனியாண்டிக்கும் ஒன்று, ஒன்றே ஒன்று, கிடைத்தது. பின்னேரம் மழை கொட்டியபோது நெல் மூட்டைகள் எல்லாம் தார்ப்பாய்ப் படங்கின் கீழ் இருந்தன.

"அமத்தி முடியமுந்தி மெசின் வயலில வந்து நிக்குது," என்றார் யோகலிங்கம், நனைந்துகொண்டே. "துணுக்காய் அமைப்புக்காரருக்கும் சொல்லப்போறன்."

"ஐயா, காலமை அஞ்சும் வந்தது பிழையாலதான்."

"பிழையே இந்த வேகமெண்டால் சரி எப்பிடி இருக்கும் பிள்ளை."

அவருக்கு மேலும் விளங்கப்படுத்த முடியாது என்று விட்டுவிட்டு, சாரதி குகதாசனிடம் தேத்தண்ணிக் கோப்பையோடு போனாள் சிவரூபி.

"அண்ணா, காலமை உங்களுக்கெல்லாம் பிழையான மெசேஜ் வந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

குகதாசன் கோப்பையை வாங்கிக்கொண்டு பழனியாண்டி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"காலமை எங்களுக்கு மெசேஜ் ஒண்டும் வரேல்ல தங்கச்சி, மகளின்ர சிஸ்டம் பிழைச்சாலும் ஒராளாவது போய் நிக்கவேணும் எண்டு உங்கட அப்பாதான் நேற்றே எங்கள் அஞ்சு பேருக்கும் தனித்தனியாக் கோல் எடுத்தவர்."