விரலைக் காட்டினால்தான் லீவு

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் ஓட்டும் இருக்கிறது என்று நாற்பத்தாறு வயது வரை நம்பிய மடையன் நான். அட்டை கெட்டுவிடக் கூடாதென்று லேமினேஷன் வேறு.

வீடு பாகலூரில். வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் அத்திப்பள்ளி அருகே ஒரு உதிரிபாகக் கம்பெனியில். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இந்தப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் இருபத்து மூன்று பேரும் சம்பளத்தோடு லீவு கேட்டு எழுதிக் கொடுத்தோம். கன்னடக்காரரான எச்.ஆர். மேனேஜர் அந்தக் காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"அது உங்க ஸ்டேட் எலக்‌ஷன் ரீ. இங்கே மெஷின் ஓட வேணாமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கே போனால் தமிழ்நாட்டுக்காரன். சென்னையில் இருப்பவனுக்கு நாங்கள் பாதி கன்னடக்காரர்கள். ஐந்து வருஷத்தில் ஒரு நாள் எங்களையும் ஆளென்று எண்ணுகிறார்கள், அதையும் மெஷினுக்குப் படைக்க வேண்டுமாம். மூன்று நாள் கேன்டீனில் தட்டைத் தட்டிக் கத்தினேன். (மாலையில் தொண்டை கட்டி வீட்டில் சைகையில் சோறு கேட்டேன்.) கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் மறுநாள் மை வைத்த விரலைக் காட்ட வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் எல்லாருக்கும் அன்றைய சம்பளம் கட். எல்லாருக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன்.

தேர்தலன்று மனைவி செல்வியோடு வெள்ளைச் சட்டையில் போனேன். அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அதிகாரி என் பெயரை மூன்று முறை தேடினார்.

"உங்க பேரு லிஸ்ட்லயே இல்லீங்க."

அட்டையை மேசையில் ஓங்கி அடித்தேன். சதி என்றேன், கலெக்டர் என்றேன், ஹைகோர்ட் என்றேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "அண்ணா, சண்டைய வெளிய வச்சுக்குங்க, வெயில் ஏறுது" என்றார். போலீஸ்காரர் என் முழங்கையைப் பிடித்து, மாப்பிள்ளையை அழைத்து வருவது போல மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

வெளியே வந்ததும் என் பக்கத்து மெஷினில் நிற்கும் முருகேசன் போன் செய்தான். மற்ற இருபத்திரண்டு பேரும் விரலை போட்டோ பிடித்து குரூப்பில் போட்டாயிற்றாம். "உங்க விரல் மட்டுந்தாண்ணே பாக்கி. தலைவர் விரல் கடைசியா வரட்டும்னு பசங்க காத்திருக்காங்க."

வீட்டுக்கு ஓடினேன். அலமாரியில் என் ஹேர் டை இருந்தது. தீக்குச்சியில் தொட்டு நகத்தில் கோடு இழுத்தேன்.

செல்வி வாசலிலேயே நின்று பார்த்தாள். "தலைக்கு வாங்குனத நகத்துக்குப் பூசறீங்களே, அந்த மேனேஜரு மோந்து பாத்தா என்னா பண்ணுவீங்க?"

அவள் சொன்னது மூக்கைப் பற்றி. நான் கோட்டைவிட்டது கையை. எனக்கு இடக்கைப் பழக்கம். இடது கையால் குச்சியைப் பிடித்து, அழகாக வலது கை விரலில் பூசியிருந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் இருபத்திரண்டு இடது விரல்கள் வரிசையாக நீண்டன. கடைசியில் என் வலது விரல். மேனேஜர் சிரிக்கவில்லை. வரிசை மொத்தமும் என்னையே பார்த்தது. இருபத்திரண்டு வீட்டுச் சம்பளத்தில் ஒரு நாளைத் தின்றுவிட்டேனே என்று பதறி நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் போனை எடுத்து என் பெயர், அப்பா பெயர் எல்லாம் தட்டிக் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். கர்நாடக வாக்காளர் பட்டியலில் என் பெயர். முகவரி, ஒன்றரை வருஷம் முன்பு நான் வாடகைக்கு இருந்த அத்திப்பள்ளி ரூம்.

அங்கே வீட்டுக்காரர் கேஸ் கனெக்‌ஷனுக்கு என்று கன்னடத்தில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார். ஒரு வரி படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதில் ஒன்று என் ஓட்டை அந்த முகவரிக்கு மாற்றும் விண்ணப்பமாம். அந்த ஆள் மேலும், அதைவிட அந்தப் பேனா பிடித்த என் கை மேலும், இன்றுவரை எனக்கு ஆத்திரம் தீரவில்லை. வீட்டில் கூரியர்காரர் வந்து கையெழுத்துக் கேட்டால்கூட செல்வி, "இருங்க தம்பி, எந்த ஸ்டேட்டுன்னு கேட்டுக்கறோம்" என்கிறாள்.

மேனேஜர் அன்று சொன்னது இவ்வளவுதான்: "நீங்க நம்ம ஸ்டேட் வோட்டர் ரீ. உங்களுக்கு நேத்து லீவே இல்ல."

ஓட்டு இருந்த இருபத்திரண்டு பேரும் விரலைக் காட்டிவிட்டதால் அவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள்.