உரிய நபரிடம் ஒப்படைக்கப்பட்ட பந்து

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு, குழாய்த் தொழிற்சாலையின் கூடைப்பந்து மாஸ்டர் வெள்ளைப் பலகையில் வரைந்த ஐந்து அம்புக்குறிகள்தாம். அவற்றுக்கு "முறை" என்று பெயர்.

முறையின் பலனாகத் தொழிற்சாலை அணி வருடந்தவறாமல் கோப்பை வாங்கியது. நான்கு அம்புகள் இடமும் வலமுமாக அலைந்து திரியும். ஐந்தாவது அம்பு பந்தை ஏணியின் கையில் சேர்க்கும். ஏணி என்பது வெல்டிங் பிரிவு ஆள். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். சாவியை எடுத்து அலமாரியின் மேல் வைப்பதுபோல, பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வருவான்.

பாராட்டெல்லாம் ஏணிக்கே போனதுதான் மாஸ்டரின் வயிற்றெரிச்சல். அவர் வேலையோ இன்னும் தற்காலிகம். அதை நிரந்தரமாக்குவது பற்றி மேலாளர் கூட்டிய கூட்டத்தில், ஐந்தாவது அம்பின் நுனியில் இருந்த "ஏணி"யைத் துணியால் துடைத்துவிட்டு, "உரிய நபர்" என்று எழுதினார் மாஸ்டர்.

"தனி ஆள்னால ஒண்ணுமில்ல சார். முறைதான் ஜெயிக்குது. அங்க யாரை நிறுத்தினாலும் கோப்பை நமக்குத்தான்."

மேலாளர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த கையோடு, இரவு ஷிப்டை மாற்றித் தரும்படி ஏணி கொடுத்திருந்த மனுவை நிராகரித்தார். மறுவாரமே ஏணி அடுத்த தெருவில் இருந்த மூடித் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். நிரந்தரம் இறுதியாட்டத்துக்குப் பிறகு என்று மாஸ்டருக்குச் சொல்லப்பட்டது.

"ரொம்ப நல்லாப் பேசினீங்களாமே," என்றாள் அவர் மனைவி. "இனிமே அந்த அஞ்சாவது அம்பை யாரு வாங்கிக்குவா, நானா?"

முறை குறித்து வீட்டில் விவாதிப்பதில்லை என்ற கொள்கையை மாஸ்டர் அன்றே வகுத்துக்கொண்டார்.

இறுதியாட்டம் மூடித் தொழிற்சாலையுடன். உரிய நபராகக் கணக்குப் பிரிவு உதவியாளர் நியமிக்கப்பட்டிருந்தார். அவருக்குத்தான் அந்த வாரம் வேலை குறைவு. நான்கு அம்புகளும் பலகையில் இருந்தபடியே பிசகாமல் ஓடின. பந்து உரிய நபரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"வாங்கிட்டேன் மாஸ்டர். இதை யார்கிட்ட குடுக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பலகையில் அம்பு இல்லை. ஏணி வந்து பந்தை அவர் கையிலிருந்து பணிவாக வாங்கிக்கொண்டு போனான். அதன்பின் நடந்தவற்றைப் புள்ளிப்பலகை தாங்கிக்கொண்டது.

மறுநாள் விசாரணையில் மேலாளர் முறையில் குறையா என்று கேட்டார். இல்லவே இல்லை, ஆள் சரியில்லை என்றார் மாஸ்டர்.

"ஆள் முக்கியமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் மேலாளர் மிகுந்த மரியாதையோடு. "நாங்களும் அதை நம்புறோம் மாஸ்டர். பலகை இங்கயே இருக்கட்டும். நீங்க கிளம்பலாம்."

மாஸ்டர் தளரவில்லை. தம் முறையையே முறியடித்த மேதையைச் சந்தித்து, அவரிடமே உதவியாளராகச் சேர்ந்துவிடும் பெருந்தன்மையோடு மூடித் தொழிற்சாலைக்குப் போனார். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்த வாயிற்காவலர் விவரத்தைச் சொன்னார்.

அந்த அணிக்கு மாஸ்டரே கிடையாது.