பேரென்ன அக்காவும் கடைசிக் கொய்னாவும்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், கெடாவில் துப்பாக்கிக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பேய்க்குப் பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். பேரென்ன அக்காவுக்குப் பயப்படாத ஒரு ஜீவனை நான் பார்த்ததே இல்லை.

புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது, புண் கழுவுவது, மருந்து ஊட்டுவது எல்லாம் அவள் வேலை. ஆள் ஈர்க்குச்சி. குரல் மட்டும் தோட்டத்துச் சங்கு. யாருக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் "ஒன் பேரென்ன?" என்பாள். பதில் வந்தால்தான் மருந்து. நேற்றுச் சொன்னது இன்றைக்குச் செல்லாது.

ஒருநாள் அவள் கூடப்பிறந்த தம்பி, பால்வெட்டுக் கத்தியில் விரலை அறுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஒன் பேரென்ன?"

"யக்கா, நாந்தாங்க்கா!"

"நாந்தான்னு ஒரு பேரா? அப்பன் பேரையும் சேத்துச் சொல்லு."

"ஒனக்கும் எனக்கும் ஒரே அப்பன்தானே!"

"அத நீ சொல்லு."

ரத்தத்தை நிறுத்தத் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் கேட்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கனவில் வந்து என்னிடம் பேர் கேட்பாள்.

அந்தக் காலத்தில் சவுக்காரம் கண்ணில் படாது. அவள் சாம்பலையும் தேங்காய் நாரையும் வாசலில் வைத்துவிட்டாள். கை தேய்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது. சாமி கும்பிட்டு விபூதியோடு வந்த பூசாரியையே, "நெத்தியில இருக்கிறது போதாது, கையிலயும் போடுங்க" என்று சாம்பல் பக்கம் திருப்பிவிட்டாள். கட்டுப்போட்ட துணியைத் துவைத்து, கொதிக்க வைத்து, வெயிலில் காயப் போடுவாள். நாங்கள் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தபோது, நோயாளிகளின் கட்டுத்துணிதான் தோட்டத்திலேயே வெள்ளையாக இருந்தது.

ஒரு ஜப்பான் சிப்பாய் காலில் புண்ணோடு வந்தான். நோய் பார்த்து மருந்து சொல்லும் டிரசரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் இடுப்பு ஒடியக் குனிந்து நின்றோம். அவள் மட்டும் நிமிர்ந்து, "சியாப்பா நாமா?" என்று மலாயில் பேர் கேட்டாள். அவன் கத்தினான். அவள் சுடுதண்ணியை ஆற்றிக்கொண்டே மறுபடியும் கேட்டாள். அவன் நீளமாக ஏதோ சொன்னான். பேரா, வசவா, யாருக்குத் தெரியும்? "ம், அப்புடி வா வழிக்கு" என்று புண்ணைக் கழுவ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இடுப்பை நிமிர்த்தினோம்.

இனி என் கதை. கல்யாணமாகி மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல். ஆற்றைத் தாண்டி எங்கள் மாமியாரும் நானும் அவரை அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் செர்டாங்கிலிருந்து வந்த ஒருவர், வயிற்று வீக்கம். அவருக்கும் துணைக்கு மனைவி.

காலையில் டிரசர் இரண்டு பேரையும் பார்த்தார். ஒருவருக்குக் காய்ச்சலை முறிக்கும் கொய்னா, ஒருவருக்கு விளக்கெண்ணெய் என்று பேர் சொல்லி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, ஜப்பான்காரன் கூப்பிட்டான் என்று சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டார். அந்தக் கொய்னா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வேளை மருந்து. அதற்குப் பிறகு வேப்பிலைதான்.

மத்தியானம் பேய்மழை. கூரை ஒழுகியதில் கட்டில்களை எல்லாம் ஈரமில்லாத நடுப்பக்கம் இழுத்துப் போட்டோம். எந்தக் கட்டில் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கோணியைப் போர்த்தியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே எலும்பு முகம், பட்டினியில் ஊதிய ஒரே வயிறு, மழைக்குளிரில் ஒரே நடுக்கம்.

அக்கா இரண்டு சிரட்டையோடு வந்தாள்.

"கொய்னா யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு!" என்றேன் நான்.

"எங்க வீட்டுக்காரருக்கு!" என்றாள் செர்டாங்காரி.

விளக்கெண்ணெய்க்கு ஆளே இல்லை.

அக்கா குனிந்து என் வீட்டுக்காரரிடம், "ஒன் பேரென்ன?" என்றாள். அவர் பல் கிட்டிக்க, "ம்" என்றார்.

"பாத்தியா, அதான் அவரு! ம்முன்னு சொல்லிட்டாரு, குடு" என்றார் என் மாமியார்.

"பெரியம்மா, இவரு எதுக்கும் ம்முதான் சொல்லுவாரு. இந்தா பாருங்க. யோவ், நீதான் சயாம் ராஜாவா?"

"ம்."

"சயாமுக்கு ரயில் போடப் போறியா?"

"ம்."

மாமியார் அலறிக்கொண்டு மகன் வாயைப் பொத்தினார். சயாமுக்குப் போனவர்கள் திரும்பாத காலம் அது. விளையாட்டுக்கும் கேட்கிற கேள்வி இல்லை.

"அப்ப நீங்க சொல்லுங்க, ஒங்க மகன் பேரென்ன?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூத்த பிள்ளைக்கு அவர் மாமனார் பேரை வைத்திருந்தார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்வாளா? பிறந்த நாளிலிருந்து மகனை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நானோ பெண்டாட்டி. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று ஊட்டி வளர்த்திருந்தார்கள். எழுதிக் காட்டலாம் என்றால், அப்போது எனக்குக் கைநாட்டு. ஆற்றில் வெள்ளம். பேர் சொல்ல எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஒரு ஆள் வர முடியாது.

"பழனியில இருக்காரே, அந்தச் சாமி பேரு" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் அதே சாமி பேருதான்!" என்றாள் செர்டாங்காரி.

"அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு. எது?"

"மயிலு மேல ஒக்காந்திருப்பாரு..."

"மயிலுக்கு மருந்து குடுக்கவா?"

"நீயே ஒண்ணொண்ணா சொல்லுக்கா, நான் தலையாட்டுறேன்."

"நான் சொன்னா ரெண்டு பேரும் ஆட்டுவீங்க. ஒன் வாயால வரணும்."

"கல்நெஞ்சுக்காரி! எம்புள்ள கெடக்குற கெடப்பு தெரியலயா?" என்று மாமியார் அழுதார்.

அக்கா குரல் முதல்முறையாக இறங்கியது. "தெரியுது பெரியம்மா. இருக்கிறதே இந்த ஒரு வேளைதான். மாத்திக் குடுத்துட்டா காய்ச்சல்காரருக்கு வெளக்கெண்ண போகும். வயித்துல இருக்கிற கடைசித் தெம்பும் போயிரும். மருந்துக்குக் கண்ணா இருக்கு, ஆளப் பாத்துப் போக?"

கட்டில் குலுங்கியது. அவர் உதடு நீலம் பூத்திருந்தது. பேர் சொன்னால் ஆயுசு குறையுமாம். சொல்லாவிட்டால் ஆயுசே இல்லை. குறைந்த ஆயுசு போதும் என்று முடிவு செய்தேன்.

"வேலாயுதம்!"

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். பழக்கமில்லாத பேர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் போய்விட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ம்" தவிர ஒன்றும் சொல்லாத மனுஷன் கண்ணைத் திறந்து, "எவடி அவ?" என்றார்.

"டிரசர் சொன்ன பேரு அதான்" என்றாள் அக்கா. கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள். அவரை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று தொண்டையையே பார்த்தாள். செர்டாங்காரியும் அழுதுகொண்டே "பழனியாண்டி" என்றாள். விளக்கெண்ணெய்க்கும் ஒரு முகவரி கிடைத்தது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். பிற்பாடு எங்கள் வீட்டுக்காரர் சொல்வார்: "நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். உசுரோட இருக்கிற புருசன் பேர எவ சொல்லுவா?" அதன் பிறகு நான் கஞ்சி வைக்கும்போதெல்லாம், "ஒங்க பேரென்ன?" என்று கேட்டுத்தான் தட்டை நகர்த்துவேன். ஆயுசு குறையும் என்றார்களே, பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் என் உயிரை வாங்கினார்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரனும் போன பிறகு, பேரென்ன அக்கா டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கையாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். சிறுத்துப்போயிருந்தாள். கண் மட்டும் பழைய கண். கையைத் தேய்த்துக் கழுவினேன். தலையணையை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைத்தேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சாப்புடுக்கா. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்."

மூடிய வாய் மூடியபடியே. தாதிப்பெண் வந்து, "நேத்துலேர்ந்து இப்படித்தான், ஒரே சூசா, ரொம்பத் தொல்லை குடுக்குறாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"அக்கா, ஒங்க பேரென்ன?"

கண்ணில் சிரிப்பு வந்தது. சொன்னாள். அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள்.